பிள்ளைகட்கு எந்தச் சரித்திரம்?

கணித நூல் தேடும் பெற்றோர்க்குக் கவலை குறைவு. முக்கோணத்தின் கோணங்கள் கொழும்பிலும் இலண்டனிலும் ஒரே கூட்டுத்தொகையைத்தான் தருகின்றன. சரித்திர நூல் தேடுவோர்க்கு அந்த நிம்மதி இல்லை. எந்த நூலை எடுத்தாலும், அதை எழுதியவர் ஓர் ஊரில், ஓர் இனத்தில், ஒரு காலத்தில் நின்றுகொண்டு எழுதியிருக்கிறார். அவர் நின்ற இடத்திலிருந்து கண்ணிற் பட்டவை நூலில் இருக்கும், படாதவை இரா. பாடசாலைப் பிள்ளைக்கு இந்தத் தெரிவை அரசாங்கமே செய்து கொடுத்துவிடுகிறது. பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கத் துணிந்த பெற்றோரோ அந்தச் சுமையைத் தம் தலையிலேயே ஏற்றிக்கொள்கின்றனர்.

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருவீதியில், கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால், பிங்கா ஓயாவின் அருகில் அமைந்தது எங்கள் அக்குறணை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொள்ளைநோயால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எல்லா ஊர்களையும் போல இங்கும் பாடம் வீட்டுக்கு வந்தது. பாடசாலைகள் திறந்த பின்பும் சில வீடுகளில் அது வீட்டிலேயே தங்கிவிட்டது. என் தங்கையின் வீடு அவற்றுள் ஒன்று. மகளுக்கு வயது 13, மகனுக்கு 10. சரித்திர ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், “நானா, மற்றப் பாடங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சரித்திரத்துக்கு மட்டும் நீங்களே புத்தகம் தெரிந்து தாருங்கள்” என்றாள் தங்கை. மச்சான் ஒரு நிபந்தனையையும் சேர்த்தார்: “சமயச் சார்பில்லாத சரித்திரமாக இருக்க வேண்டும். மார்க்கத்தைப் பிள்ளைகள் ஓதற்பள்ளியில் படிக்கிறார்கள். சரித்திரத்தில் எவருடைய மார்க்கமும் வேண்டாம்.”

நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்ட நிபந்தனை இது. ஆயினும் கண்டி மாவட்டத்தில் வாழ்பவர் இதைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்ற முடியுமா? தலதா மாளிகையை விலக்கிவிட்டுக் கண்டி அரசின் கதையை எப்படிச் சொல்வது? 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி சிறீ இராசசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவன். அவன் காலத்திலேதான், 1753இல், சீயம் நாட்டிலிருந்து உபாலி தேரர் வந்து இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதா முறையை மீட்டுத் தந்தார். சமயத்தை எடுத்துவிட்டால் இந்த அரசனைப் பற்றிச் சொல்ல மிஞ்சுவது மிகக் கொஞ்சம். ஆகவே, சமயச் சார்பற்ற சரித்திரம் என்பது சமயத்தைப் பற்றி வாய்மூடிக் கிடக்கும் சரித்திரமன்று. அப்படியாயின் அது யாது?

விடைக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. கொழும்பு அரும்பொருட்காட்சிச் சாலையில் ஒரு கல் நிற்கிறது. சீனக் கப்பற்படைத் தலைவன் செங் ஹோவின் பயணத்தோடு வந்த கல் அது, 1409ஆம் ஆண்டுக்குரியது, 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. அதில் மூன்று மொழிகள் உள்ளன. சீனத்திற் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. சீனம் மட்டும் படித்தவன், சீனப் பேரரசன் புத்தரைத் தொழுதான் என்று எழுதுவான். தமிழ் மட்டும் படித்தவன் திருமாலைத் தொழுதான் என்பான். பாரசீகம் படித்தவனோ அவனை நம்மவன் என்று கொண்டாடுவான். மூன்றையும் படித்தவனே, அயல்நாட்டுத் துறைமுகத்தில் வணிகமும் நட்பும் நாடி வந்த அரசு ஒன்று மூன்று சமூகத்தாரிடமும் அவரவர் மொழியிற் பேசிற்று என்று அறிவான். எந்தத் தெய்வமும் இங்கே மறைக்கப்படவில்லை. எந்தத் தெய்வத்தின் பக்கமும் நின்று கதை சொல்லப்படவுமில்லை. நான் தேடிய சரித்திரத்துக்கு இந்தக் கல்லையே அளவுகோலாகக் கொண்டேன்.

அளவுகோலைக் கையிற் பிடித்துக்கொண்டு நூல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலாவது அரசாங்கப் பாடநூல். 1972இன் கல்விச் சீர்திருத்தத்தில் சரித்திரம் தனிப்பாடம் என்ற நிலையை இழந்து சமூகக் கல்விக்குள் அடங்கிற்று. ஏறத்தாழ ஒரு தலைமுறை கழிந்து, 2007 அளவில் மீண்டும் தனிப்பாடமாகிச் சாதாரண தரத்திற் கட்டாயப் பாடமுமாயிற்று. 2025இற் புதிய சீர்திருத்தம் பேசப்பட்டபோது அந்தக் கட்டாயம் திரும்பவும் விவாதத்துக்கு வந்தது. இப்பாடநூலை இகழ்ந்து ஒதுக்குவது நியாயமன்று. குளங்களும் கால்வாய்களும் எவ்வாறு அமைந்தன என்று அது விளக்கும் பகுதிகள் அருமையானவை, பிரெஞ்சுப் புரட்சியும் உலகப் போர்களும் அதில் உள்ளன, தமிழிற் கிடைக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் முஸ்லிம்கள் அதில் வணிகராக வந்து சில வரிகளிற் கடந்து போகிறார்கள். இந்த மலைகளிற் கோப்பியும் தேயிலையும் வளர்த்து, 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர்க்கும் தக்க இடம் இல்லை. எல்லாவற்றிலும் பெரிய குறை வேறொன்று: ‘இப்படி நடந்தது’ என்று சொல்லும் நூல், ‘இப்படி நடந்தது என்று எவர், எப்போது சொன்னார்’ என்பதைப் போதிய அளவு சொல்வதில்லை.

இரண்டாவது கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குரிய பாடவிதானம். மூலச் சான்றுகளைக் கொடுத்து, அவற்றை நம்பலாமா என்று மாணவனையே கேட்கும் அதன் முறை போற்றத்தக்கது. ஆனால் அது கேட்பதெல்லாம் வேர்செய்ல்ஸ் உடன்படிக்கையும் சர்வதேச சங்கமும் பனிப்போரும். அக்குறணைப் பிள்ளை அவற்றில் அதிசிறப்புச் சித்தி பெறலாம். தன் வீட்டு வாசலில் ஓடும் வீதி எவர் காலத்தது என்று மட்டும் அவனுக்குத் தெரியாது.

மூன்றாவது, வீட்டுக் கல்வி பெருவழக்காயுள்ள அமெரிக்காவிலிருந்து வரும் நூல்கள். அங்கே வீட்டுப் பாடநூல்களைக் கிறித்தவப் பதிப்பகங்கள் பெருமளவில் வெளியிடுகின்றன. வேதாகம நிகழ்ச்சிகளும் தொல்லியற் செய்திகளும் ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றன. அதை விரும்பாத பெற்றோர் சமயச் சார்பற்ற நூல்களைத் தேடி அலைகின்றனர். அவர்கள் கவலையும் நம் கவலையும் ஒன்றே எனினும், அவர்கள் நூல் நம் பிள்ளைக்கு அந்நியமானது.

நான்காவதாக நேருவை எடுத்தேன். வீட்டுச் சரித்திரக் கல்விக்கு அவரைவிடப் பெரிய முன்னோடி நம் பக்கத்தில் இல்லை எனலாம். 1928ஆம் ஆண்டுக் கோடையில், மசூரியிலிருந்த பத்து வயது மகளுக்கு அலகாபாத்திலிருந்து எழுதிய கடிதங்களில், அவர் மன்னர்களிலிருந்து தொடங்கவில்லை. பாறையிலும் கூழாங்கல்லிலுமிருந்து தொடங்கினார். இயற்கையே முதற் புத்தகம் என்றார். பின்னர் 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள் உலக சரித்திரமாக விரிந்தன. அவருடைய நூலில் எங்கள் ஊர் இல்லை. ஆயினும் சரித்திரத்தை எங்கே தொடங்குவது என்பதை நான் அவரிடமே கற்றேன்.

ஆகவே ஒரு நூலைத் தெரிவதை விட்டுவிட்டு, ஒரு முறையைத் தெரிந்தேன். அரசாங்கப் பாடநூலைக் கால வரிசைக்கு முதுகெலும்பாக வைத்துக்கொண்டோம். அதன் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மூன்று கேள்விகள்: இதை முதலிற் சொன்னவர் யார்? நிகழ்ச்சிக்கு எவ்வளவு காலத்தின் பின் சொன்னார்? வேறு எந்தச் சான்று இதற்குத் துணைநிற்கிறது, அல்லது எதிர்நிற்கிறது?

விஜயன் வந்த கதையை இவ்வாறு பார்த்தோம். அதைச் சொல்லும் மகாவம்சம், அது நடந்ததாகச் சொல்லப்படும் நாளுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டின் பின், ஒரு பிக்குவால், பௌத்த அடியாரின் மகிழ்ச்சிக்காக இயற்றப்பட்டது. பாகியங்கலைக் குகையிலோ 30,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதரின் எச்சங்கள் உள்ளன. அநுராதபுரத்து அகழ்வுகள், விஜயன் காலமெனப்படுவதற்கு முன்னரே அங்கே இரும்பறிந்த மக்கள் குடியிருந்தமையைக் காட்டின. அதற்காக மகாவம்சத்தைக் குப்பையில் எறியவும் இல்லை. துட்டகைமுனு தன்னால் வீழ்த்தப்பட்ட எல்லாளனுக்கு நினைவிடம் எழுப்பி மரியாதை செய்தான் என்பதையும், எல்லாளன் பகைவருக்கும் நண்பருக்கும் ஒரே நீதி வழங்கினான் என்பதையும் சொல்வது அதே மகாவம்சந்தான். தன் கட்சிக்காக எழுதிய நூலே எதிராளியின் பெருமையை ஒப்புக்கொள்ளும்போது, அச்செய்திக்கு மதிப்புக் கூடுகிறது என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டனர்.

இதுவரை வீட்டில் எவர்க்கும் மனக்குறை இல்லை. அடுத்த வாரம் மருமகள் கேட்டாள்: “மாமா, விஜயனுக்குச் சான்று கேட்டோமே. எங்கள் மூன்று அரபிகளுக்குச் சான்று எங்கே?”

இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் அரபியர் மூவர் வந்து, அரச சேவை செய்து, கண்டி நாட்டுப் பெண்களை மணந்து இங்கே குடியேறினர் என்பது எங்கள் ஊர்த் தோற்றத்தைப் பற்றிய மரபு. பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த கதை. அன்று கூடத்தில் இருந்த பெரியவர்களின் முகம் மாறிற்று. “மற்றவர்களுடைய கதையைக் கேள், நம்முடையதை ஏன் கிளறுகிறாய்?” என்றார் உறவினர் ஒருவர். சமயச் சார்பற்ற சரித்திரத்தின் சோதனை அந்தக் கேள்வியிலேதான் இருக்கிறது. அயலான் கதைக்கு ஆதாரம் கேட்டு, சொந்தக் கதைக்கு மரியாதை மட்டும் கேட்பவன், சார்பை நீக்கவில்லை. அதை வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறான்.

ஆகவே கிளறினோம். மூவரின் பெயரைச் சொல்லும் அவர்கள் காலத்துச் சாசனம் எதையும் பிள்ளைகளின் முன் வைக்க என்னிடம் இல்லை என்பதை முதலிற் சொன்னேன். பின்னர், சான்றுள்ளவற்றை வைத்தேன். 1626இற் போர்த்துக்கேயர் தம் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்கட்கு இடமளித்தான். கண்டி அரசில் முஸ்லிம்கள் பொதிமாட்டுத் தவளம் நடத்தினர். வைத்தியராகவும் அரச சேவையில் இருந்தனர். கண்டிப் பகுதி முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு ‘கெதர’ என முடியும் சிங்கள வீட்டுப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. மரபு சொல்லும் மூவரை நிறுவ இவை போதா. மரபு சொல்லும் உறவை நிறுவப் போதும்.

தோற்றக் கதைகட்கு அரசியல் உண்டென்பதையும் மறைக்கவில்லை. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1880களில் வாதிட்டதும், ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அரபு வழியை வலியுறுத்தி மறுப்பு நூல் எழுதியதும், சட்டசபைப் பிரதிநிதித்துவம் பேசப்பட்ட காலத்தில் நடந்தவை. இவற்றையெல்லாம் கேட்டபின் மருமகள், “அப்படியென்றால் வந்தவர்களின் கதைதான் எழுதப்பட்டிருக்கிறது, மணந்துகொண்ட அந்த மூன்று பெண்களும் எங்கள் பாட்டிமார்தானே?” என்றாள். ஆண்டாண்டாய்ச் சொல்லப்பட்ட கதையில், சிங்களப் பெண்களாகிய அந்த மூதாட்டியரை எவரும் இப்படி எண்ணிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

கடினமான பாடங்கள் இதன் பின்னரே வந்தன. 1915 மே மாத இறுதியில், வெசாக் இரவிற் கண்டியில் மூண்ட கலவரத்தைப் படித்தோம். கம்பளைப் பெரகரா பள்ளிவாசலைக் கடக்கையில் இசை முழங்கலாமா என்ற வழக்கு அதற்கு முன்னோடி. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் அழிந்தன. பின்னர் ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் பிறப்பித்துச் சிங்களவர் பலரைச் சுட்டுக் கொன்றனர். முதற்பாதியை மட்டும் சொல்லும் நூலும் பொய். பிற்பாதியை மட்டும் சொல்லும் நூலும் பொய்.

2018ஐப் பிள்ளைகள் தாமே கண்டவர்கள். அதற்கும் அதே முறையைக் கையாண்டோம். தெல்தெனியப் பகுதியில் முஸ்லிம்கள் சிலராற் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் தொடக்கத்தில் உயிரிழந்தார். 5ஆம் திகதி திகனையில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசலும் எரிந்தன. எரிந்த வீடொன்றில் முஸ்லிம் இளைஞர் ஒருவர் மாண்டார். 6ஆம் திகதி அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. 7ஆம் திகதி வன்செயல் அக்குறணைக்கும் வந்தது. முஸ்லிம்கட்கு அடைக்கலம் தந்த சிங்கள அயலவரும் அந்நாட்களில் இருந்தனர். இறந்த இருவரையும் ஒரே பக்கத்தில் எழுதுமாறு பிள்ளைகளிடம் சொன்னேன். சின்னவன் வெகுநேரம் பேனையை எடுக்கவில்லை; பின்பு எழுதினான்.

கண்டியிற் பிறந்த சித்திலெவ்வை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கக் கல்வியோடு உலகக் கல்வியும் நம் பிள்ளைகட்கு வேண்டுமென்று வாதாடினார். அவர் கேட்ட பாடசாலைகள் வந்துவிட்டன. அவற்றில் எந்தச் சரித்திரம் படிப்பிக்கப்படும் என்ற வினா இன்னும் நம்முன் நிற்கிறது. வீட்டிற் படிப்பிக்கும் பெற்றோர்க்கும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்க்கும் நான் கூறக்கூடியது ஒன்றே. குறையற்ற பாடநூலைத் தேடிக் காலத்தைப் போக்க வேண்டா. கையிலுள்ள நூலைப் பிள்ளையிடம் கொடுங்கள். ‘இதைச் சொன்னவர் யார்?’ என்ற கேள்வியையும் உடன் கொடுங்கள். அந்தக் கேள்வி நம் வீட்டுக் கதைமேல் திரும்பும் நாளில், வாயை மூடு என்று மட்டும் சொல்லாதிருங்கள்.