வந்து இறங்கியவரிடம் முதற் கேள்வி

எமது வானொலியில் நான் பேசிய பேச்சைச் சற்று விரித்து இந்தப் பக்கங்களுக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். விடயம், அண்மைக்கால விஞ்ஞானக் கற்பனைப் படங்களும் மாயாஜாலப் படங்களும். நான் சினிமா விமர்சகன் அல்லன். வோபர்னில், மார்க்கம் றோட்டுக்குக் கிட்ட ஓர் அடுக்குமாடியில் இருந்துகொண்டு, வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் போட்டுவிடும் படத்தை அவர்களோடு இருந்து பார்க்கிற ஆள். இடையில் நித்திரை கொண்ட படங்களும் உண்டு. ஆகவே இதை ஒரு சாதாரணப் பார்வையாளனின் அபிப்பிராயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் படங்கள் ஆகாது. "உதெல்லாம் பொய்" என்று எழும்பிப் போய்விடுவார்கள். ஆனால் 1957இல் வந்த 'மாயா பஜார்' படத்தில் ரங்காராவ் கடோற்கசனாக வந்து கலியாணச் சாப்பாடு முழுவதையும் விழுங்கியபோது ஒருவரும் பொய் என்று எழும்பவில்லை! கடோற்கசன் யார், அவனால் என்னென்ன முடியும் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். மாயாஜாலப் படத்தில் மந்திரத்துக்குக் காரணம் கேட்க மாட்டோம். விஞ்ஞானக் கற்பனை என்றால் படம் ஒரு விதியைச் சொல்லவேண்டும், சொன்ன விதியைக் கடைசிவரை காப்பாற்றவும் வேண்டும். 2015இல் வந்த 'இன்று நேற்று நாளை' அதைச் செய்தது. காலத்தைத் தாண்டும் இயந்திரத்தால் செய்த ஒரு சிறு மாற்றத்துக்கு, சாகவேண்டிய ரவுடி ஒருவன் உயிரோடு வந்து நின்று கணக்குக் கேட்கிறான். 2018இல் வந்த '2.0' படத்திலோ விஞ்ஞானம் என்று தொடங்கி ஆவிக்கதையில் போய் நிற்கிறார்கள். செலவு கோடிக்கணக்கில், விதி மட்டும் இல்லை.

இது பொதுவான அளவுகோல். எனக்கென்று இன்னோர் அளவுகோலும் இருக்கிறது.

'ஏலியன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அது வேற்றுக்கிரகவாசி. ஆனால் ஆங்கிலத்தில் அதன் பழைய பொருள் அந்நியன், பிறநாட்டான். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாத ஆளுக்குப் பெயரே அதுதான். சட்டப் புத்தகத்திலிருந்த சொல்லைச் சினிமாக்காரர் எடுத்துப் பச்சைத்தோலும் பெரிய கண்ணும் பூட்டிவிட்டார்கள். 2024 பொங்கலுக்கு வந்த சிவகார்த்திகேயன் படத்துக்கு 'அயலான்' என்று பெயர். 'இன்று நேற்று நாளை' எடுத்த ரவிக்குமார்தான் இதற்கும் இயக்குநர். பிற்பாதியில் வழக்கமான சண்டைகள் அதிகம். ஆனால் பெயரைக் கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் அயல் என்றால் எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம். அயலட்டை, அயலவர் என்றால் அவசரத்துக்குச் சீனி வாங்கப் போகும் வீடு. அந்நியனுக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழி எங்களது. படத்திலும் வந்தவனை வீட்டுக்குள் எடுத்து ஒளித்து வைக்கிறார்கள்.

ஆகவே இப்படியான படம் பார்க்கும்போது நான் கவனிப்பது, கப்பலிலிருந்து வந்து இறங்கியவரிடம் முதலில் என்ன கேட்கிறார்கள் என்பதைத்தான். நீயும் நானும் அப்படி இறங்கியவர்கள் அல்லவா! 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். மீனவர்கள் கண்டு, கேள்வி கேட்கமுன் ஏற்றிக்கொண்டார்கள். கேள்விகள் கரையில்தான் வந்தன. 2010 ஆகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது, கப்பல் கரை தட்டமுன்பே அதற்குள் யார் யார் இருக்கக்கூடும் என்று தொலைக்காட்சியில் விவாதம் தொடங்கிவிட்டது. அதே சனம், கேள்விதான் வேறு.

எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' 1963இல் வந்தது. அதில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வருவது எங்களை அழிக்க அல்ல. தங்களுக்குப் பாட்டும் ஆட்டமும் தெரியாது, படித்துத்தர ஓர் ஆள் வேண்டும் என்று வருகிறார்கள். வந்து பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பது வேறு கதை. ஹொலிவூட்டில் பறக்கும் தட்டு வந்தாலே நகரம் எரிந்த காலத்தில், எங்கள் ஆட்கள் சங்கீத ரீச்சர் தேடி வரவைத்திருக்கிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான படம். 'டிஸ்ரிக்ட் 9' 2009 ஆகஸ்டில் இங்கே திரைக்கு வந்தது. அந்த வருடம் நாங்கள் படம் பார்க்கிற நிலையில் இல்லை. மே மாதம் கார்டினர் நெடுஞ்சாலையில் நின்ற சனம் ஆகஸ்டில் தியேட்டருக்குப் போகுமா? பல வருடம் கழித்து நூலகத்தில் டிவிடி எடுத்துத்தான் பார்த்தேன். இயக்குநர் நீல் புளொம்காம்ப் தென்னாபிரிக்காவில் பிறந்து, 18 வயதில் வன்கூவருக்கு வந்தவர். கதை இதுதான்: 1982இல் ஜொகனஸ்பேர்க் நகரத்துக்கு மேல் ஒரு பெரிய கப்பல் வந்து அசையாமல் நிற்கிறது. மாதக்கணக்கில் ஒருவரும் இறங்கவில்லை. மனிதர்கள் வெட்டி உள்ளே போய்ப் பார்த்தால், பட்டினியில் மெலிந்த இலட்சக்கணக்கான உயிர்கள். இறக்கி, கப்பலுக்குக் கீழேயே முகாம் போடுகிறார்கள். அந்த முகாம் வேலி அடைத்த சேரியாகிறது. இருபத்தெட்டு வருடம் கழித்து, 'உங்களால் கரைச்சல், நகரத்துக்கு வெளியே போங்கள்' என்று வேறு முகாமுக்கு ஏற்றப் பார்க்கிறார்கள்.

இந்தப் பெயருக்குப் பின்னால் உண்மைக் கதை ஒன்று உண்டு. கேப் ரவுன் நகரத்தில் 'டிஸ்ரிக்ட் சிக்ஸ்' என்ற பகுதியை 1966இல் நிறவெறி அரசாங்கம் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்தது. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கிருந்து எழுப்பப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன.

படத்தில் என்னை நிறுத்திய காட்சி சண்டை அல்ல. அதிகாரி ஒருவன் கடதாசியோடு வீடு வீடாகப் போய், வெளியேற்றக் கட்டளையில் கையெழுத்து வாங்குகிறான். வாசிக்கத் தெரியாத ஒன்று கோபத்தில் கடதாசியைத் தட்டிவிட, அந்தக் கீறலையே கையெழுத்து என்று பதிந்துகொள்கிறான். சட்டப்படி எல்லாம் சரி! பிறகு அதே அதிகாரிக்கு ஒரு திரவம் பட்டு, அவனே மெல்ல மெல்ல அவர்களைப்போல மாறத் தொடங்குகிறான். நேற்றுவரை அவனுக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனம் இன்று அவனை வேட்டையாடுகிறது.

சென்ற குளிர்காலத்தில் இதை மகனோடு திரும்பப் பார்த்தேன். அவன் இங்கே பிறந்தவன், பதினொராம் வகுப்பு. "அப்பா, அவையள் ஒண்டும் செய்யேல்லையே, ஏன் எல்லாரையும் சேர்த்து அடைச்சவங்கள்?" என்றான். படத்தை நிறுத்திவிட்டு, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமைப் பற்றிச் சொன்னேன். 2009இல் கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேர் முட்கம்பிக்குள் இருந்தார்கள், 2012 செப்ரெம்பரில்தான் அது மூடப்பட்டது, என்னுடைய சின்னம்மா அதற்குள் இருந்தவ என்று சொன்னேன். சின்னம்மா இன்றைக்கும் தொலைபேசியில் அவனோடு கதைப்பவ, 'ராசா சாப்பிட்டியோ' என்று கேட்பவ. முகாமைப் பற்றி ஒருநாளும் அவனோடு கதைத்ததில்லை. அவனும் கேட்டதில்லை, கேட்க ஒரு காரணம் வந்ததில்லை. அன்றைக்கு மிச்சப் படம் பார்க்கவில்லை.

இந்தப் படத்தில் எனக்குப் பெரிய குறை ஒன்றும் உண்டு. அந்நியரை இழிவாகப் பார்க்காதே என்று சொல்கிற படம், முகாமுக்குள் இருக்கும் நைஜீரியர்களைக் கொள்ளைக்காரராயும் நரமாமிசம் தின்பவராயும் காட்டுகிறது. நைஜீரிய அரசாங்கம் அந்த வருடமே படத்தைத் திரையிடவேண்டாம் என்றது. அதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது 'அரைவல்', 2016. கியூபெக்கைச் சேர்ந்த டெனி வில்நேவ் இயக்கியது. கதை அமெரிக்காவில் நடந்தாலும் படம் பிடித்தது கியூபெக்கில். மூலக்கதை ரெட் சியாங் என்ற எழுத்தாளர் 1998இல் எழுதியது. உலகத்தில் பன்னிரண்டு இடங்களில் கப்பல்கள் வந்து நிற்கின்றன. இராணுவம் ஒரு மொழியியல் பேராசிரியையைக் கூட்டிவருகிறது. அவர்களுக்கு வேண்டியது ஒரேயொரு கேள்விக்கு மறுமொழி: நீங்கள் பூமிக்கு வந்த நோக்கம் என்ன?

பேராசிரியை வெள்ளைப் பலகையில் அதை எழுதிவிட்டு, இதை ஏன் நேரே கேட்க முடியாது என்று விளக்குகிறா. முதலில் கேள்வி என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். அடுத்தது, ஆங்கிலத்தில் 'யூ' என்றால் ஒருவரா, எல்லாருமா? எங்களுக்கு இது உடனே விளங்கும். நீ, நீர், நீங்கள் என்று மூன்று வைத்திருக்கிறோம். எழுத்துத் தமிழில் கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே 'வீ'. படத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழக மொழியியலாளர் ஜெசிக்கா கூன். அதனால்தான் இந்த இடங்கள் நம்பும்படி இருக்கின்றன.

பிறகு வருகிறது சிக்கல். வந்தவர்கள் வட்டமாக எழுதிய ஒன்றை 'ஆயுதம் தருகிறோம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். உலகமே துவக்கைத் தூக்குகிறது. 'அந்தச் சொல்லுக்குக் கருவி என்றும் பொருள் இருக்கலாம்' என்று பேராசிரியை மன்றாடுகிறா. எனக்கு உடனே நினைவு வந்தது எங்கள் ஆயுத பூசை. ஊரில் மண்வெட்டி, சுத்தியல், தையல் மெசின், பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். இங்கே மடிக்கணினிக்கும் கார்த் திறப்புக்கும் வைக்கிறோம். 'இன்றைக்கு வீட்டில் ஆயுதங்களுக்குப் பூசை' என்பதை ஒருவர் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் வாசலில் பொலிஸ் நிற்கும்.

சிரிக்கலாம். ஆனால் அகதி விசாரணைக்குப் போனவர்களுக்கு இது சிரிப்பு அல்ல. என்னுடைய விசாரணையில், கொழும்பில் எனக்கு உதவி செய்தவரை 'அண்ணா' என்றேன். மொழிபெயர்த்தவர் 'பிரதர்' என்றார். படிவத்தில் சகோதரர் இல்லை என்று எழுதியிருந்தது, இப்போது ஒரு சகோதரர் எங்கிருந்து வந்தார் என்று கேள்வி. வயதில் மூத்த, உறவில்லாத ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், அது மரியாதை என்று விளங்கப்படுத்தி முடிய நான் வியர்த்துப்போனேன். என் வழக்கு தப்பியது. சொல் ஒன்றில் வழக்கு இழந்தவர்களை நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பேராசிரியை செய்தது, தன் பெயரை எழுதிக் காட்டியது. தலைக்கவசத்தைக் கழற்றி, 'நான் இதுதான்' என்று முகத்தைக் காட்டியது. எங்களை விசாரித்த எவரும் தன் பெயரில் தொடங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

'டூன்' படங்களும் (2021, 2024) இதே வில்நேவ் எடுத்தவைதான். கண்ணுக்கு விருந்து, நெஞ்சில் ஒட்டவில்லை. 'அவதார்' மூன்றும், ஒன்ராறியோ கப்புஸ்கேசிங்கில் பிறந்த ஜேம்ஸ் கமரூன் எடுத்தவை. அதில் மனிதன்தான் வேற்றுக்கிரகவாசி, காணி பிடிக்க வந்தவன். கருத்து நல்லது, நீளம் தாங்காது.

கடைசியாக 2025இல் வந்த 'சுப்பர்மான்'. 1938இல் முதலில் வெளிவந்த இந்தப் பாத்திரத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜோ சுஸ்ரர் 1914இல் ரொறன்ரோவில் பிறந்தவர், குடியேறி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் குடும்பத்தோடு கிளீவ்லாந்துக்குப் போனார். கதையின் அடி எங்கள் கதை: ஊர் அழிகிறது, எல்லாருக்கும் கப்பலில் இடமில்லை, பெற்றோர் பிள்ளையை மட்டும் அனுப்புகிறார்கள். காணியை ஈடு வைத்து மூத்தவனை ஏற்றிவிட்டு, பிறகு குரலை மட்டும் கேட்ட அம்மாமார் எத்தனை பேர்! இந்தப் புதிய படத்தில் அந்தப் பெற்றோர் அனுப்பிய செய்தியின் பிற்பாதி பழுதாகி இருக்கிறது. அதைத் திருத்தி எடுத்துப் பார்த்தால், 'அந்தச் சனத்தை அடக்கி ஆள்' என்று சொல்லியிருக்கிறார்கள். ஊர் அவனுக்கு எதிராகத் திரும்புகிறது, அந்நியன் என்று சொல்லி உரிமையில்லாமல் அடைக்கிறார்கள். அடைப்பது நம்பக்கூடியது. செய்திதான் எனக்குப் பிடிக்கவில்லை. சாகப்போகிற தாய்தகப்பன், கடைசிப் பிள்ளைக்கு அப்படியா சொல்லி அனுப்புவார்கள்? என் அம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். "நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குப் போர்த்துக்கொள் எண்டுதான் சொல்லியிருப்பினம்" என்றா.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 'டிஸ்ரிக்ட் 9' படத்தில் இரத்தமும் கெட்ட வார்த்தையும் நிறைய, சிறுபிள்ளைகளுக்கு வேண்டாம். 'அயலான்' எல்லாரும் இருந்து பார்க்கலாம். 'அரைவல்' மெதுவான படம், வசனத்தை எழுத்தில் போட்டுப் பாருங்கள். வெள்ளைப் பலகைக் காட்சியில் ஒரு நிமிடம் நிறுத்தி, நாம் என்றால் யார், நாங்கள் என்றால் யார் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் மகள் சரியாகச் சொன்னா, மகன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.