மரச் சத்திரவைத்தியம்

மாரி தொடங்குமுன் ஊர்களிலே கேட்கும் ஓசைகளுள் கோடரியின் ஓசையும் ஒன்று. கூரைக்கு மேலாகச் சாய்ந்த மாங்கொம்பு, கிணற்றினுள் இலை சொரியும் வேம்பு, மதிலைத் தள்ளும் பூவரசு ஆகிய யாவும் ஐப்பசிக் காற்றை நினைத்தவுடன் வளவுக்காரரின் கண்ணுக்குப் பகையாகத் தோன்றும். உடனே ஆள் தேடுவர். வருபவர் கோடரியும் கயிறும் கொண்டு வருவார். இக்காலத்தில் 'செயின் சோ' எனப்படும் சங்கிலி வாளும் உடன் வரும். அரை நாளில் கொம்பு நிலத்திற் கிடக்கும், கூலியும் கொடுபடும். வேலை நன்றாகச் செய்யப்பட்டதா என்பது அன்று தெரியாது. ஐந்தாறு ஆண்டு கழித்து, வெட்டிய இடத்திற் பொந்து விழுந்து மரம் முழுவதும் சரியும்போதே தெரியும். மேலே ஏறியவர் உயிரோடு இறங்கியது திறமையாலா, தெய்வாதீனத்தாலா என்பதோ ஒருவரும் கேளாத வினா.

மரத்திற்கு அஞ்சுவது குற்றமன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர் எவரும் கூரைமேல் நிற்கும் கொம்பை அலட்சியமாக நோக்கார். ஆனால் அச்சம் ஒன்று, அறியாமை வேறொன்று. இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் மரத்தை வெட்டித் திருத்துதல் பயிற்சியும் சான்றிதழும் உள்ள ஒரு தொழில். அத்தொழிலாளரை மரச் சத்திரவைத்தியர் என்றே அழைக்கின்றனர். பெயர் மிகையன்று. வைத்தியர் கத்தியை எடுக்குமுன் உடலமைப்பைக் கற்கிறார். இவரும் அவ்வாறே கற்கவேண்டும். ஒரு வேறுபாடு உண்டு. வைத்தியசாலையிலே நோயாளியின் உயிர்தான் ஆபத்தில் இருக்கும். மரத்தின்மேல் வைத்தியரின் உயிரும் ஆபத்தில் இருக்கிறது.

முதலில் மரத்தின் உடலை நோக்குவோம். மனிதனுக்குக் காயம் பட்டால் பழுதுற்ற தசை நீங்கி அவ்விடத்திலே புதுத்தசை வளர்கின்றது. மரத்திலும் அவ்வாறே ஆறுகிறது என்றுதான் நெடுங்காலமாக எண்ணினர். அமெரிக்க வனச் சேவையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்னும் ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, இவ்வெண்ணம் பிழை என்று காட்டினார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அடைத்து விடுகிறது. பழுதுற்ற மரப்பகுதியைச் சுற்றி உள்ளேயே தடைச்சுவர்களை எழுப்பி, உளுப்பு அப்பாற் பரவாமல் மறித்துவிட்டு, வெளியே புதிய மரத்தை வளர்த்து மூடுகிறது. பழைய காயம் மரத்தின் ஆயுள் முழுவதும் உள்ளேயே கிடக்கும். 1977ஆம் ஆண்டில் வெளிவந்த இக்கருத்து, வாள் வைக்கும் இடத்தையே மாற்றிவிட்டது.

கிளையொன்று அடிமரத்தோடு சேருமிடத்தை உற்று நோக்கினால், அங்கே சற்றுப் புடைத்த வளையம் ஒன்று தெரியும். இதனைக் கிளைக்கழுத்து எனலாம். மேற்புறத்துக் கவையிலே பட்டை சுருங்கி வரம்புபோல் எழுந்திருக்கும். தடைச்சுவர் எழுப்பும் வல்லமை மிகுந்த இடம் இக்கழுத்தேயாகும். அழகாக இருக்கவேண்டும் என்று அடிமரத்தோடு மட்டமாகச் சீவிவிட்டால் கழுத்தும் போய்விடும். சிறு கிளையின் காயம் அடிமரத்தின் காயமாகிவிடும். மாறாக, முழ நீளக் கட்டையை விட்டுவைத்தால் அது காய்ந்து உளுத்து, பூஞ்சணம் உள்ளே புகுவதற்கு வழி செய்யும். கழுத்தைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே அறுப்பதே முறை.

பாரமான கொம்பை ஒரே வெட்டில் அறுக்கவும் கூடாது. மேலிருந்து அறுத்துக்கொண்டு போகையில், பாதி வெட்டிலேயே கொம்பு தன் பாரத்தால் முறிந்து, அடிமரத்துப் பட்டையை நெடுநீளம் உரித்துக்கொண்டு விழுவதைப் பலர் கண்டிருப்பர். இதனைத் தடுக்க மூன்று வெட்டு வேண்டும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கொம்பின் அடிப்பக்கத்திலே மூன்றில் ஒரு பங்கு ஆழம் முதலில் அறுக்கவேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுக்கும்போது கொம்பு முறிந்து விழும். பட்டை உரிதல் முதல் வெட்டோடு நின்றுவிடும். பாரமற்ற குற்றியைப் பின்னர் ஆறுதலாகக் கழுத்தருகே அறுத்தெடுக்கலாம். இதற்கு மிஞ்சிப்போனாற் கால்மணி நேரம் கூடுதலாகச் செல்லும்.

வெட்டிய வாயிலே சாணியும் தாரும் பூசும் வழக்கம் எங்கும் உண்டு. பூசுபவரின் அன்பைக் குறை கூற முடியாது. ஆனால் அப்பூச்சு உளுப்பைத் தடுப்பதில்லை என்பதே ஆராய்ச்சியின் முடிவு. சில வேளைகளில் ஈரத்தை உள்ளே தேக்கிப் பூஞ்சணத்திற்கு உதவியும் செய்கிறது. இதனிலும் பெருங்கேடு தலையை மொட்டையடித்தல். முடி முழுவதையும் தறித்த மரம் ஓராண்டில் அடர்ந்து தளிர்ப்பதைக் கண்டு மகிழ்வோர் உளர். அத்தளிர்கள் உயிர் தப்புவதற்காக மரம் அவசரமாக விடுபவை. உள்மரத்தில் ஆழ வேரூன்றாமல், பட்டைக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டு நிற்பவை. அவை பருத்துக் கொம்பாகும்போது, முன்பிருந்த கொம்புகளிலும் எளிதாகக் காற்றுக்கு முறியும். காற்றுக்கு அஞ்சி மொட்டையடித்தவர் காற்றுக்கே இரை தேடி வைத்தவராவார். ஒரு முறையில் முடியின் காற்பங்குக்கு மேல் நீக்காதிருத்தல் நன்று.

வெட்டாமலே காப்பாற்றும் வழியும் உண்டு. அநுராதபுரத்து வெள்ளரசின் கிளைகளைப் பொன்முலாம் பூசிய தாங்கிகள் தாங்கி நிற்பதை யாத்திரிகர் யாவரும் கண்டிருப்பர். வளவிலுள்ள மாவுக்குப் பொன் வேண்டியதில்லை. நல்ல கவைக்கால் ஒன்று போதும்.

இனி, மேலே ஏறுபவரைப் பற்றிச் சிந்திப்போம். ஏறுவதற்கு முன் அவர் மரத்தை ஒருமுறை சுற்றி வரவேண்டும். அடியிலே விசிறிபோற் படிந்த காளான் இருந்தால் வேரோ அடிமரமோ உளுத்திருக்கலாம். கொட்டாப்புளியால் தட்டினால், நல்ல மரம் கெட்டியாக ஒலிக்கும். பொந்து விழுந்த மரம் பறைபோல் முழங்கும். இலைகளிடையே குளவிக்கூடு உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். நாற்பதடி உயரத்திலே குளவி கலைந்தால் ஓட இடமில்லை.

எல்லாவற்றிற்கும் முந்திப் பார்க்கவேண்டியது மின்கம்பி. வீட்டுக்கு வரும் கம்பியில் 230 வோல்ற்று. தெருவோரத்து உயர் அழுத்தக் கம்பிகளில் 11,000 அல்லது 33,000 வோல்ற்று. பச்சைக் கொம்பும், நனைந்த கயிறும், அலுமினிய ஏணியும், கொக்கத்தடியின் இரும்புக் கத்தியும் மின்சாரத்திற்கு நல்ல பாதைகள். உயர் அழுத்தக் கம்பியைத் தொடவேண்டும் என்பதுகூட இல்லை. மிக அருகிற் சென்றாலே அது காற்றைத் தாண்டிப் பாயும். ஆதலின் பயிற்சி பெறாதவர் தாமும் தம் கருவியும் வெட்டும் கொம்பும் கம்பிக்குப் பத்தடிக்குள் வராதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குள் வேலை இருந்தால், மின்சாரம் வழங்குவோருக்கு அறிவித்து, இணைப்பைத் துண்டித்த பின்னரே தொடங்கவேண்டும். கம்பி அறுந்து விழுந்தால் பத்து மீற்றருக்கு அப்பால் விலகி நிற்கவேண்டும். மின்சாரம் நிறுத்தப்படுமுன், சிக்கியவரை இழுக்க ஓடுபவர் இரண்டாவது பலியாகிறார். உறவினரே பெரும்பாலும் அவ்வாறு ஓடுபவர்.

ஏணியைக் கொம்பிலே சாத்தி, அக்கொம்பையே அறுப்பது மிகப் பழைய பிழை. நுனிப்பாரம் நீங்கியவுடன் மிஞ்சிய கொம்பு மேலே எழும். ஏணிக்குப் பிடிமானம் அற்றுப்போகும். இடுப்பையும் தொடையையும் தாங்கும் கச்சை அணிந்து, பச்சையான, பருத்த கவையிலே போட்ட கயிற்றில் தொங்கியபடி வேலை செய்வதே மரச் சத்திரவைத்தியரின் முறை. கயிற்றிலே அவர் இடும் முடிச்சு வியப்புக்குரியது. பாரம் ஏறினால் இறுகிப் பிடிக்கும். கையாற் தள்ளினால் நழுவும். இவ்வகை முடிச்சொன்றை ஒஸ்திரிய மலையேற்ற வீரர் கார்ல் பிறூசிக் 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. மலைக்காகக் கண்டது மரத்திற்கும் உதவுகிறது. வாளை இயக்கும் வேளையில் ஒரு கயிற்றை நம்பலாகாது. இரண்டு தனித்தனிப் பிணைப்புகள் வேண்டும். வாள் ஒன்றை அறுத்தாலும் மற்றது தாங்கும்.

சங்கிலி வாளின் பற்கள் வினாடிக்கு இருபது மீற்றர் அளவான வேகத்தில் ஓடுகின்றன. அதன் நுனியின் மேற்பகுதி மரத்தில் முட்டினால், வாள் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் மேலெழுந்து இயக்குபவரின் முகத்தையோ கழுத்தையோ நோக்கிப் பாயும். இரு கைகளாலும் பிடித்தல், இடது கைப் பெருவிரலை முன்பிடியின் கீழாகச் சுற்றிக்கொள்ளல், தோளுக்கு மேல் உயர்த்தாமை என்னும் விதிகள் இதன்பொருட்டே ஏற்பட்டவை. தலைக்கவசம், கண்மறைப்பு, காதுமூடி, வாளின் சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் நாரிழைக் காற்சட்டை ஆகியவையும் வேண்டும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளோடு ஏறுபவரைக் கண்டால், அவரைத் துணிவுடையவர் என்று புகழ்வதிலும் இறங்கச் சொல்வதே அன்பாகும்.

கீழே நிற்பவர் வெறும் துணையாள் அல்லர். ஆள் வராது தடுப்பவரும், கயிற்றை மரத்தடியிற் சுற்றி அதன் உராய்வினால் கொம்பை மெல்ல இறக்குபவரும் அவரே. மேலிருப்பவர் மயங்கித் தொங்கினால் ஏறி இறக்கக்கூடியவராகவும் அவர் இருக்கவேண்டும். கச்சையில் அசைவின்றி நெடுநேரம் தொங்குவதே உயிருக்கு ஆபத்து. தனியே ஒருவர் மரத்தில் ஏறி வெட்டலாகாது என்பது இதனாலேயாம்.

மரத்தையே வீழ்த்த நேர்ந்தால், முதலில் அனுமதியை நினைக்கவேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பலா, பெண்பனை முதலியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. வீழ்த்தும் முறை கதவின் பிணைச்சலை ஒத்தது. விழவேண்டிய திசையிலே, அடிமரத்தின் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு வாய் பிளக்கவேண்டும். பின்புறத்திலிருந்து சற்று மேலாக அறுத்து வந்து, விட்டத்தில் பத்திலொரு பங்கை அறுக்காது விடவேண்டும். அந்த நடுத்துண்டே பிணைச்சல். அதனை அறுத்துவிட்டால் மரம் எப்பக்கம் விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரத்துக்குள் மற்றவர் நிற்கலாகாது. அறுப்பவரும் பின்புறம் சாய்வாக விலகியோட ஒரு பாதையை முன்னரே துப்புரவாக்கி வைக்கவேண்டும்.

தென்னை, பனை ஆகியவற்றின் கதை வேறு. இவற்றில் புதிய மரத்தை வளர்த்து மூடும் படலம் இல்லை. ஏறுவதற்கெனத் தென்னையிலே கொத்திய படி, அம்மரம் உள்ளளவும் திறந்த காயமாகவே நிற்கும்; செவ்வண்டு முட்டையிட இடம் தேடி வருவது இத்தகைய காயத்தையே. தளைநார் இட்டுப் பனையேறிய முன்னோர் மரத்தைக் காயப்படுத்தாமலே ஏறினர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மற்றைய மரங்களிலும், வாழவேண்டிய மரத்தில் இரும்பு முள் பூட்டிய சப்பாத்தோடு ஏறலாகாது. வீழ்த்தவிருக்கும் மரத்தில் ஏறலாம்.

வேலை செய்தவரின் கைத்திறத்தை அறிய விரும்பும் நேயர்கள், அடுத்த மாரி கழிந்தபின் வெட்டுவாயைச் சென்று பார்க்கலாம். கழுத்தை விட்டு முறையாக அறுத்திருந்தால், புதுப்பட்டை சுற்றிவரச் சமமாகத் தடித்து வட்டமாக உள்நோக்கி வளர்ந்திருக்கும். மட்டமாகச் சீவியிருந்தால் இரு பக்கங்களில் மாத்திரம் உதடுபோல் தடித்து, மேலும் கீழும் வெறுமையாக இருக்கும்.