ஆறு முறை ஆறு கடந்தால்...

கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலையை நம்மில் பலர் அறிவோம். 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது இந்தச் சாலையில்தான். அதே சாலையோரம் காட்டுக்குள் நுழைகிறது ஓர் ஒற்றையடிப் பாதை. அதன் முடிவில் இருப்பதுதான் சிலிங் அருவி.

பள்ளி விடுமுறையில் ஒன்பது பேர் கிளம்பினோம். நாங்கள் இருவர், தங்கையும் அவள் கணவரும், பிள்ளைகள் நால்வர், எங்கள் மாமா. மாமா நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். அட்டைக் கடிக்குப் பயந்த பிள்ளைகளின் காலுறையில், புகையிலை ஊறிய தண்ணீரைத் தேய்த்துவிட்டார். பெயரைப் பதிந்துவிட்டுக் காலை எட்டரைக்கு நடக்கத் தொடங்கினோம்.

பாதை கடினமில்லை. ஆனால் ஆற்றை ஐந்தாறு முறை இறங்கிக் கடக்க வேண்டும். முழங்கால் தண்ணீர்தான், என்றாலும் கூழாங்கல் வழுக்கும். செருப்பு போட்டு வந்த நான்தான் முதலில் விழுந்தேன்! தெளிந்த நீரில் கெலா மீன்கள் கூட்டமாகக் காலருகே வந்தன. தங்கை கணவருக்குக் கை அரித்தது. இங்கே மீன் பிடிக்கத் தடை என்று பிள்ளைகளே அவரை அடக்கினார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தபின் அருவி கண்ணில் பட்டது. இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே, ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளை வேட்டியை உதறிப் போட்டதுபோல் விழுகிறது. சாரல் முகத்தில் அடிக்க, பிள்ளைகள் கரையோரத் தண்ணீரைவிட்டு எழவே மாட்டேன் என்றார்கள்.

எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த நேரம். எங்கள் தலைமேல் நல்ல வெயில். மாமா மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சருகும் குச்சியும் மிதந்து வந்தன. தண்ணீரின் நிறம் மங்கியது.

"கட்டுங்கம்மா பொட்டலத்தை! மேலே மழை பெய்யுது. கிளம்புங்க!"

பாதி வழியில் ஆறு தேத்தண்ணி நிறத்தில் இடுப்பளவு ஓடியது. அங்கே நின்ற இளைஞர் சிலர் கைகோத்து இறங்கப் பார்த்தார்கள்.

"தம்பி, வீடு எங்கேயும் ஓடிப் போகாது. உட்காருங்க," என்றார் மாமா. முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் ஒரு முழு மரம், அவர்கள் கால் வைக்கவிருந்த இடத்திலேயே உருண்டு போனது. யாரும் பேசவில்லை.

இதைத்தான் மலாய்க்காரர்கள் 'கெபாலா ஆயர்' என்கிறார்கள். மலையுச்சியில் பெய்யும் மழை, கிளையும் சருகும் அடைத்த இடத்தில் தேங்கி, அடைப்பு உடைந்ததும் ஒரே பாய்ச்சலாக இறங்கும். கீழே வெயில் அடிப்பதால் குளிப்பவருக்குத் தெரியாது. நீர் கலங்கினாலும், குப்பை மிதந்தாலும், மேலே இரைச்சல் கேட்டாலும் உடனே மேட்டில் ஏறிவிட வேண்டும். மழைக்காலத்தில் பாதையையே மூடிவிடுவதுண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள்.

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பிள்ளைகளுக்கு மாமா பழைய கோலகுபு கதையைச் சொன்னார். 1883-இல் அணை உடைந்து ஊரே அழிந்ததும், அதிகாரி சிசில் ரேங்கிங் அதில் மாண்டதும், அந்த இடத்துக்கு அம்பாங் பெச்சா, அதாவது 'உடைந்த அணை' என்றே பெயர் நிலைத்ததும்! வெள்ளை முதலையை அவர் சுட்டதால் வந்த வினை என்பார்களாம். சின்னவனுக்கு முதலைமேல்தான் கவலை.

தண்ணீர் வடிந்ததும் கைபிடித்துக் கடந்தோம். எங்களோடு அந்த இளைஞர்களும் வந்தார்கள். சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டது அவர்களில் ஒருவர்தான்.

காரில் ஏறியதும் மாமா கேட்டார்: "அந்தச் சோறு மிச்சம் இருக்கா?"