வளாகத்துக் குப்பையும் வீட்டுக் கிணறும்

குப்பை என்றதும் இன்று நாம் முகஞ் சுளிக்கின்றோம். எம் முன்னோர்க்கோ அச்சொல் எருவையும் குறித்தது. வேலியிற் கழித்த பழைய ஓலையும், வெட்டிய பூவரசங் குழையும், பட்டியிற் சேர்ந்த சாணமும் தோட்டத்து மண்ணிலே தாழ்க்கப்பட்டன. வீசியெறிவதற்கென அவர்களிடம் மிஞ்சியது சொற்பமே.

இக்காலத்து நிலை வேறு. நெல்லியடிச் சந்தியிற் பேருந்தேறி, வல்லைவெளியைக் கடந்து, திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் எம் பிள்ளைகள் பலர். 1921ஆம் ஆண்டிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலத்தில், 1974இல் தோன்றிய கலைக்கழகம் அது. ஆயிரக்கணக்கானோர் கூடும் எந்த வளாகமும் ஒரு சிற்றூரை ஒத்ததே. விடுதிச் சமையலறையில் எஞ்சிய சோறு, சிற்றுண்டிச்சாலையிற் பொலித்தீன், அலுவலகத்திற் கடதாசி, ஆய்வுகூடத்தில் இரசாயனம், மரநிழலிற் சருகு என அங்கே கழிவு பல வகைப்படும். இவற்றை எங்கே கொண்டு சேர்ப்பது?

“எங்கேனும் தொலைவிற் கொட்டிவிடலாமே” என்பார் உளர். 2017 ஏப்ரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரை உயிரோடு புதைத்ததை அவர்கள் நினைத்துப் பார்த்தல் வேண்டும். எரித்துவிடலாமோ எனின், பிளாஸ்ரிக்கை எரிக்கும் புகையில் நச்சு வாயுக்கள் உள. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரில் இந்நாட்டிலே தடை செய்யப்பட்டது.

புதைத்துவிடலாமோ எனின், குடாநாட்டார்க்கு அது எல்லாவற்றினும் ஆபத்தானது. எமக்கு வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புக்களூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராக மிதக்கின்றது. அந்நீரையே நாம் கிணற்றில் அள்ளிப் பருகுகின்றோம். வெடித்த கல்லுக்கு அழுக்கை வடிகட்டும் ஆற்றல் குறைவு. லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. குடாநாட்டுக் கிணறுகள் பல அதனைத் தாண்டியுள்ளமையை ஆய்வாளர் கண்டுள்ளனர். செயற்கை உரமும் மலக்குழியும் இதற்கு முதற் காரணங்கள். குப்பைக் குழியின் கசிவும் பழைய மின்கலத்தின் ஈயமும் சேருமாயின் நிலைமை என்னாகும்?

சென்னையிலே 1959இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் கிண்டிக் காட்டை அடுத்துள்ளது. அவ்வளாகத்தில் இறந்த புள்ளிமான்களின் வயிற்றிலிருந்து பிளாஸ்ரிக் பைகள் எடுக்கப்பட்டதுண்டு. அங்கே மான் உணர்த்திய பாடத்தை இங்கே கிணறு உணர்த்தும்வரை நாம் காத்திருத்தல் தகுமா?

வழி எளிது. கழிவு பிறக்கும் இடத்திலேயே அதனைப் பிரித்தல் வேண்டும். சோறும் சருகும் ஒரு கூடையில்; கடதாசியும் போத்தலும் தகரமும் மற்றொன்றில்; மின்கலம், குழல்விளக்கு, ஆய்வுகூட நஞ்சு ஆகியன பொறுப்பானவர் காவலிலே புறம்பாக. கலந்தபின் யாவும் குப்பை; கலக்குமுன் பெரும்பகுதி செல்வம்.

சோற்றையும் சருகையும் எருவாக்கும் கலை எமக்குப் புதிதன்று. ஆங்கிலேய அறிஞர் அல்பேட் ஹவாட், 1924 முதல் 1931 வரை இந்தூரில் நடத்திய ஆராய்ச்சி நிலையத்திலே, இந்திய உழவர் அனுபவத்தையுங் கற்று இதனை ஒழுங்குபடுத்தினார். சருகு, பச்சிலை, சாணம் என அடுக்கி, ஈரமுங் காற்றும் காத்து, இடையிடையே புரட்டின், ஏறத்தாழ மூன்று மாதத்தில் நல்லெரு கிட்டும். குவியலின் வெப்பமே களைவிதைகளையும் நோய்க்கிருமிகளையும் பெரிதும் அழிக்கும். எம் நிலத்திலே ஆழக் குழி தோண்டாது, கசியாத தளத்தின்மீது குவித்து, மாரியிற் கூரையிடல் நன்று.

பெற்றோரே, பிள்ளையின் மதிய உணவைப் பொலித்தீனிற் பொதியாது, கழுவியெடுக்கும் பாத்திரத்திலோ வாழையிலையிலோ கொடுத்தனுப்புங்கள். மாணவர்களே, தொட்டியில் இடுமுன் ஒரு கணம் நின்று பிரித்திடுங்கள். பட்டம் பெற்று நீங்கள் வளாகத்தை விட்டு வெளியேறுவீர்கள். அங்கே நீங்கள் விட்ட கழிவு வெளியேறாது. அது மண்ணுக்கு எருவாவதும் கிணற்றுக்கு நஞ்சாவதும் உங்கள் கையிலேயே உள்ளன.