கடற்சுழிகளும் அகவலைகளும்

கடலின் மேற்பரப்பில் எழும் அலை யாவரும் அறிந்தது. அதன் அகத்தே எழும் அலையோ கண்ணுக்குப் புலப்படுவது அரிது. வெப்பமும் உப்பும் இடத்துக்கிடம் வேறுபடுதலினால், கடல்நீர் அடர்த்தி குறைந்தது மேலும் மிகுந்தது கீழுமாக அடுக்கடுக்காய் அமைந்துள்ளது. இவ்வடுக்குகள் நிலைபெயர்ந்து மேலுங் கீழும் அசைதலே அகவலையாகும். 1893ஆம் ஆண்டில், நோர்வே நாட்டு அறிஞர் நான்சென் சென்ற ‘பிராம்’ என்னுங் கப்பல், சைபீரியாவின் வடகரைக்கு அண்மையிற் காரணந் தெரியாது வேகங் குன்றியது. உவர்நீரின்மேற் படர்ந்திருந்த நன்னீர்ப் படையின் அடியிற் கப்பல் அகவலைகளை எழுப்பியதென்றும், அதன் சத்தி அவற்றிலே செலவாயிற்றென்றும் எக்மன் 1904இல் விளக்கினார்.

கப்பலின் சத்தியைக் கவரும் அகவலைகள் கடற்சுழிகளின் சத்தியையுங் கவர வல்லன. பல பத்துக் கிலோமீற்றர் முதல் சில நூறு கிலோமீற்றர் வரை அகன்று, மாதக்கணக்காய் நிலைத்திருக்கும் இச்சுழிகளிலேயே கடலின் இயக்கச் சத்தியிற் பெரும்பகுதி அடங்கியுள்ளது. காற்றானது கடலின் பேரோட்டங்களுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி உவாற்று வீதம் சத்தியளிக்கின்றது. அவ்வோட்டங்கள் நிலைகுலைகையிற் சுழிகள் பிறக்கின்றன. ஆயின், புவியின் சுழற்சி காரணமாக, பெருஞ்சுழிகள் சிறியனவாய்ச் சிதைவதிலும் ஒன்றோடொன்று கூடிப் பெருகவே முனைகின்றன. அங்ஙனமாயின் அவற்றின் சத்தி எவ்வாறு செலவாகின்றது?

ஒரு வழி கடலடியில் உள்ளது. மலைமீது வீசுங் காற்று அலைகளை எழுப்புதல் போல, கடலடி மேடுகள்மீது செல்லும் ஓட்டமும் அகவலைகளை எழுப்பும். தென் அமெரிக்காவுக்கும் அந்தாட்டிக்காவுக்கும் இடைப்பட்ட திறேக்கு நீரிணையில், கரடுமுரடான தரைக்கு மேலே நீர்க்கலப்பு பன்மடங்கு மிகுதலை அளவைகள் காட்டியுள்ளன. மற்றொரு வழி நடுநீரில் உள்ளது. சுழியின் ஓட்டம் அலையை இழுத்து நெருக்குகையில், அலைநீளங் குறுகி, அலை சுழியினின்று சத்தியைப் பெறும். ஈற்றில் அது புரண்டுடைந்து நீரைக் கலக்கும். எனினும் இது ஒருவழிப் போக்கன்று. அடித்தளத்தினின்று மேலெழும் அலை ஓட்டம் மெலிந்த நீரை அடையின், தான் பெற்றதில் ஒரு பகுதியை ஓட்டத்துக்கே மீள அளிக்கும்.

இக்கொடுக்கல் வாங்கலினாற் பயன் என்னையெனின், துருவப்பகுதிகளில் ஆழ்ந்த குளிர்நீர் மீண்டும் மேலெழுதற்கு இக்கலப்பும் ஒரு காரணமாதலே. கடல் உட்கொள்ளும் வெப்பமும் கரியமில வாயுவும் ஆழத்தை அடைதலும் இதனைச் சார்ந்தது. காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் கடலைப் பெருங்கட்டங்களாகப் பகுப்பன. அவற்றுள் அகவலைகள் அடங்கா. ஆதலின் அவற்றின் விளைவைத் தோராய விதிகளாலேயே சேர்க்கின்றனர். அவ்விதி பிழைப்பின், வருங்காலக் காலநிலை பற்றிய மதிப்பீடும் பிழைபடும்.