மோட்டார் சைக்கிளின் ஓசையும் ஓட்டுநரின் பாதுகாப்பும்

பெங்களூரு நகரில் மோட்டார் சைக்கிளின் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, பேரோசை எழுப்பும் புகைக்குழாயைப் பொருத்தும் வழக்கம் இளைஞர் சிலரிடம் காணப்படுகிறது. போக்குவரத்துப் போலீசார் இத்தகைய குழாய்களைப் பறிமுதல் செய்துள்ளனர். "ஓசை கேட்டுப் பிறர் விலகுவர்; ஆதலின் அது எம் உயிரைக் காக்கும்" என்பது ஓட்டுவோர் சிலரின் வாதம். இதனைச் சற்று ஆராய்வோம்.

எஞ்சினில் எரிந்த வாயு மிகுந்த அழுத்தத்துடன் வெளிப்படுகிறது. சைலன்ஸரின் அறைகளில் அது விரிந்து அழுத்தம் தணிவதால் ஓசை குறைகிறது. குழாயின் வாய் பின்னோக்கி அமைந்திருத்தலின், ஓசை பெரிதும் பின்புறமே செல்கிறது. ஆபத்தோ பெரும்பாலும் முன்புறத்திலிருந்து வருகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துக்களை நேரில் ஆராய்ந்து 1981இல் வெளியான ஹர்ட் அறிக்கை கண்ட உண்மை இது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 120ஆம் விதி சைலன்ஸரைக் கட்டாயமாக்குகிறது. 175 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிளுக்கு உச்ச வரம்பு 80 டெசிபல். மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றைச் சூழ்ந்த அமைதி மண்டலத்தில் பகல் வரம்பு 50 டெசிபலே.

தலைக்கவசம் உயிரிழப்பை ஏறத்தாழ 42 சதவீதம் குறைப்பதாக 2008இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு பகலிலும் எரிகிறது. எதிரே வருவோர்க்கு அதுவே தக்க எச்சரிக்கை. உயிர் காப்பவை இவையே என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைப்பது நலம்.