அடுப்படியில் படித்த பிரெஞ்சு

என் மாமியாரின் அக்காவும் எங்களோடுதான் இருக்கிறார். பிள்ளை இல்லாதவர். பெரியத்தை என்று கூப்பிடுவேன். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். புதுச்சேரியில் 'சொல்தா' என்போமே, அதுதான். அவர் காலமானபின் பெரியத்தைக்குப் பென்ஷன் வருகிறது. அதற்கு, தான் உயிரோடு இருப்பதாக வருஷத்துக்கு ஒரு தடவை சான்று அனுப்ப வேண்டும். காகிதம் முழுக்கப் பிரெஞ்சு!

நான் பத்தாம் வகுப்பு. தெரிந்த ஒருவரிடம் காசு கொடுத்துதான் பூர்த்தி செய்வோம். நாலு வருஷத்துக்கு முன் அவர் காகிதத்தைப் பையிலேயே வைத்து மறந்துவிட்டார். இரண்டு மாதம் பணம் வரவில்லை. சர்க்கரை மாத்திரைக்கு என் கம்மலை அடகு வைத்தோம். "உசிரோட உக்காந்திருக்கேன், என்னைச் செத்தவளாக்கிட்டாங்களேடி" என்று பெரியத்தை அழுதது எனக்குத் தாங்கவில்லை. நாமே படித்தால் என்ன?

வகுப்புக்குப் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தவள். அவளுடைய பழைய புத்தகங்களை வாங்கினேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் தினம் அரை மணி நேரம். ஐந்து வார்த்தைகளை எழுதி அரிசி டப்பாவில் ஒட்டிவிடுவேன். டவுனுக்குப் போனால் தெருப் பெயர்ப் பலகைகளே பாடம். கடற்கரையில் இருக்கும் 'மேரி' கட்டடத்தை மாதா பெயர் என்றே நினைத்திருந்தேன். பிரெஞ்சில் அது நகராட்சி அலுவலகமாம்!

எண்கள்தான் படுத்தின. எழுபதுக்கு 'அறுபது பத்து', எண்பதுக்கு 'நாலு இருபது', தொண்ணூறுக்கு 'நாலு இருபது பத்து' என்கிறார்கள். பால் கணக்கைப் பிரெஞ்சில் போட்டுப் போட்டுத்தான் பழகினேன். ஆனால் நம்மைப் போலவே அவர்களுக்கும் 'நீ', 'நீங்கள்' தனித்தனி. அது சுலபமாக வந்தது.

மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதுதான் புரியாமல் தவித்தேன். ஒருநாள் பெரியத்தைக்குச் சந்தோஷம் என்று சொல்ல, "கோந்தான்" என்று வாசித்தேன். படுத்திருந்தவர் எழுந்து, "அது ஆம்பளைக்குடி. பொம்பளைக்கு கோந்தாந்த்" என்றார்! எழுதப் படிக்கத் தெரியாதவர். கணவர் பேசக் கேட்ட காது. அன்று முதல் உச்சரிப்புக்கு அவர்தான் டீச்சர்.

எங்கள் ஊர்க் குயில் தோப்புக்குப் பாரதியார் வந்துபோனதை எல்லோரும் சொல்வார்கள். 1910இல் புதுச்சேரிக்கு வந்த அரவிந்தர், அதே பாரதியாரிடம் தமிழ் கற்றார். வந்தபோது அவருக்கு 37 வயது. அதை அறிந்தபின், 'இந்த வயசில் எனக்கென்ன படிப்பு' என்ற கூச்சமும் போயிற்று.

இரண்டு வருஷமாகச் சான்றை நானே பூர்த்தி செய்கிறேன். முதல் தடவை கை நடுங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டிச் சரிபார்த்துத்தான் அனுப்பினேன். இன்றும் கதை புத்தகம் படிக்கும் அளவுக்கு வராது. ஆனால் வீட்டுக்கு வரும் காகிதம் புரிகிறது.

பணம் வந்துவிட்டது என்று சொன்னால், பெரியத்தை ஒரே வார்த்தைதான் சொல்கிறார்: "கோந்தாந்த்!"

சகோதரிகளே, உங்களுக்குத் தேவைப்படுவது இந்தியோ, ஆங்கிலமோ, மலையாளமோ, தினம் அரை மணி ஒதுக்குங்கள். வீட்டு வேலை நம்மை விட்டு எங்கும் போய்விடாது!

- ஒரு வாசகி, கருவடிக்குப்பம், புதுச்சேரி.